அரணாக்கயிற்றுக் காசு

காசில் தேய்ந்துபோன வருஷத்தைத் திரும்ப வரவழைக்கத் தெரிந்தவன் மாமல்லபுரத்தில் நான் ஒருத்தன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. இருபது வருஷம் செங்கல்பட்டில் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன் நான். சர்க்யூட் போர்டில் செம்பை அரித்தெடுக்க ஒரு மருந்து வைத்திருப்போம். பெர்ரிக் குளோரைடு என்று பெயர், டிக்காஷன் நிறத்தில் இருக்கும், சட்டையில் பட்டால் சட்டை கிழிகிற வரைக்கும் கறை போகாது. ரிப்பேருக்கு ஆள் வராமல் போனதும் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற ரோட்டில் ஒரு பங்க் கடை போட்டு, பழைய காசும் பழைய நோட்டும் விற்க ஆரம்பித்தேன். அந்த பாட்டில் மட்டும் என்னோடு கூடவே வந்தது.

காசு அடிக்கும்போது அச்சு ஓங்கி இறங்குகிறதல்லவா, எண் விழுகிற இடத்தில் உலோகம் இறுகிவிடும். மேலே இருக்கிற எண் கைபட்டுக் கைபட்டு மழமழவென்று ஆனாலும் அடியில் அந்த இறுக்கம் அப்படியே இருக்கும். மருந்தை ஒரு சொட்டு விட்டால் இறுகின இடம் ஒரு மாதிரி அரிக்கும், மற்ற இடம் வேறு மாதிரி அரிக்கும். எண் மங்கலாக மேலே வரும். அதோடு அந்தக் காசின் கதை முடிந்தது. கருத்துச் சொரசொரப்பாகிவிடும், விவரம் தெரிந்த எவனும் வாங்கமாட்டான். விவரம் தெரியாதவனிடம் தள்ளிவிடலாம். நான் தள்ளியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ஏட்டு ஜெகதீசன் கடை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார். கூடவே இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு முப்பத்தெட்டு வயசிருக்கும். இளையவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், ஏழு மாசம். இரண்டு பேரும் அழுது முடித்த முகத்தோடு இருந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

"யோவ் தர்மராஜு, ஒரு உதவி பண்ணணும்யா. சீக்கிரம் பண்ணணும்," என்றார் ஏட்டு. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு நாலணா, பழைய வெள்ளைக் காசு, ஓட்டை போட்டது. ஓட்டையில் அறுத்தெடுத்த கறுப்புக் கயிறு ஒரு விரல் நீளம் தொங்கியது.

விஷயத்தை அவர்தான் சொன்னார். நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் பைபர் படகில் போயிருக்கிறார்கள். அண்ணன் தேசப்பன், தம்பி தீனா. காற்று மாறி அடித்த அன்றைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் படகு மட்டும் கவிழ்ந்தபடி கிடைத்தது. ஒன்பதாம் நாள், அதாவது முந்தின நாள் காலையில், தெற்கே புதுப்பட்டினம் கரையில் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது. ஒருத்தர்தான், இப்போது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். முகம் என்று எதுவும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே உயரம், ஒரே கட்டு. இடுப்பில் இருந்த கயிறும் காசும்தான் மிச்சம்.

"பல்லு எடுத்து லேபுக்கு அனுப்பிகீறாங்க. ரிசல்ட்டு வர மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் பாடிய வெச்சுக்கினு இருக்க முடியுமா? இன்னாருன்னு வூட்டுக்காரங்க அடையாளம் காட்டிட்டா இன்னிக்கே குடுத்துடுவாங்க. இந்தம்மா சொல்லுது, காசுல வருசம் தெரிஞ்சா போதுமாம்."

இந்தம்மா என்றது மூத்தவளை. பவானி, தேசப்பனின் மனைவி. இளையவள் சுவேதா, தீனாவின் மனைவி.

"எங்க குப்பத்துல புள்ள பொறந்தா அந்த வருசத்துக் காசத்தான் அரணாக்கயித்துல கோத்துக் கட்டுவாங்க அண்ணா," என்றாள் பவானி. "கயிறு நைஞ்சா கயிறு மாத்துவோம், காசு மாத்த மாட்டோம். கடலு மூஞ்சியத் தின்னாலும் காசத் தின்னாதுன்னு சொல்லுவாங்க. எங்க வூட்டுக்காரு எம்பத்தி மூணு. இவ வூட்டுக்காரு எம்பத்தி எட்டு. எங்க மாமியாரு கையால கட்டுனது ரெண்டும்."

நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்து என்கிற எண் நிழலாகத் தெரிந்தது. அதற்குக் கீழே வருஷம் இருக்க வேண்டிய இடம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. வருஷக்கணக்கில் இடுப்பில் உரசினது, அதற்குமேல் ஒன்பது நாள் உப்புத் தண்ணீரும் மணலும். அந்தக் காசிலிருந்து வந்த வாடையைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

உண்டாயிருக்கிறவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று ஏட்டைக் கேட்டேன். அவர் சொல்வதற்குள் சுவேதாவே சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாதுன்னாங்க, வரல. பொணத்தப் பாக்கக்கூடாதுன்னாங்க, பாக்கல. காசக் கூட பாக்கக்கூடாதுன்னா நான் இன்னாத்துக்குக் கீறேன்?"

பவானி அவளை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டாள்.

காசைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, கண்ணாடித் தட்டில் வைத்தேன். பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி மருந்தில் தொட்டு வருஷத்தின்மேல் வைத்தேன். இதில் அவசரப்பட்டால் எல்லாம் சேர்ந்து அரித்துக்கொண்டு போய்விடும். வைக்கணும், எண்ணணும், சோடா உப்புத் தண்ணீரில் கழுவணும், பார்க்கணும், மறுபடி வைக்கணும். மூன்றாம் தடவையில் ஒன்று வந்தது. ஐந்தாவதில் ஒன்பது. எட்டு வரக் கொஞ்சம் நேரமானது. அந்த எட்டு இரண்டு பேருக்கும் பொது. ஏட்டு பீடி பற்றவைக்க வெளியே போனவர் பற்றவைக்காமலேயே திரும்பி வந்தார்.

கடைசி எண்ணுக்கு மருந்து வைத்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சாமி கும்பிடுகிறவர்கள் உதடு அசையுமே, அப்படி இருவர் உதடும் அசையவில்லை. எப்படி வேண்டிக்கொள்வார்கள்? எட்டு வரவேண்டும் என்று பவானி வேண்டினால் பக்கத்தில் இருப்பவள் தாலியைக் கேட்பதாகும். மூன்று வரவேண்டும் என்று சுவேதா வேண்டினால் பவானியுடையதை. பிணம் யாருடையது இல்லையோ அவருக்கு இன்னும் உயிர் இருக்கலாம். போன வருஷம் பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருத்தன் பன்னிரண்டு நாள் கழித்துக் காரைக்காலிலிருந்து போன் செய்திருக்கிறான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இரண்டு பேரும் ஒன்பது நாளைத் தள்ளியிருக்கிறார்கள். இப்போது அந்த நம்பிக்கை ஒருத்திக்குத்தான் மிஞ்சும். யாருக்கு என்பது என் கையில் இருந்த பஞ்சில் இருந்தது.

கழுவினேன். மேல்வளைவு தெரிந்தது, கீழ்வளைவு தெரிந்தது. இடப்பக்கம் திறந்திருந்தது.

"மூணு," என்றேன்.

"மூணா?" என்று கேட்டாள் பவானி. ஏதோ விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "நல்லா பாருண்ணா, மூணா?"

காசைத் திருப்பிக் காட்டினேன். சுவேதா ஸ்டூலிலிருந்து எழுந்து, "அக்கா" என்று ஒரே கத்தாகக் கத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடியில் துக்கமும் இருந்தது, அது தன் புருஷன் இல்லை என்கிற நிம்மதி மூச்சும் இருந்தது. அவளை நான் குற்றம் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான். பவானி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றாள், கண் மட்டும் காசைவிட்டு நகரவில்லை.

ஏட்டு மகஜர் எழுத உட்கார்ந்தார். வருஷத்தைச் சரியாகச் சொல்லுய்யா என்றார். நான் மறுபடி லென்ஸை எடுத்து வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

மூன்றின் இடப்பக்கத்தில், திறந்திருந்த இரண்டு வாய்களுக்கும் எதிரே, இரண்டு சின்னக் கீறல். ஒவ்வொன்றும் இரட்டைக் கோடு. மருந்து பட்டுக் கறுத்துப் போய்த் தெளிவாகத் தெரிந்தது. என்னிடம் ஒரு சிற்றுளி இருக்கிறது, முனையில் ஒரு பொடி உடைந்துபோனது, எதைக் கீறினாலும் இரட்டைக் கோடு போடும். வேறு யாருடைய உளியும் அப்படிப் போடாது. அது என் கைவேலை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் கூட்டத்தில் கடை பிதுங்கிக்கொண்டிருந்த நாளில், ஒரு மீன்பிடிக்கிற பையன், பையன் என்ன, முப்பத்தைந்து வயசு ஆள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றான். எண்பத்தெட்டாம் வருஷத்து நாலணா வேண்டும், வெள்ளைக் காசாக வேண்டும் என்றான். புரொப்பல்லரில் சிக்கின வலையை எடுக்கக் குதித்தபோது இடுப்புக்கயிறு அறுந்து காசோடு போய்விட்டதாம். "வூட்ல தெரிஞ்சா பயந்துக்கும் அண்ணாத்த. அண்ணனுக்குத் தெரிஞ்சா கடலுக்கே வராதன்னுடும். அதே மாரி ஒண்ணு குடு," என்றான். எண்பத்தெட்டில் காண்டாமிருகம் போட்ட இரும்புக் காசு வர ஆரம்பித்துவிட்டது. வெள்ளைக் காசு வேண்டுமானால் உள்ளே இருக்கிற மூட்டையைக் கொட்டித் தேட வேண்டும். எனக்குச் சோம்பல். கைக்கு அகப்பட்டது ஒரு எண்பத்து மூன்று. மூன்றுக்கு இடப்பக்கத்தை அடைத்துவிட்டால் எட்டு. பக்கத்திலிருந்து உளியால் உலோகத்தை நெம்பி ஏற்றி, தட்டி, துணியால் தேய்த்து, ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. அவன் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனான்.

அப்படி நான் எட்டாக்கின மூன்று ஒன்றே ஒன்றுதான். மருந்து என் எட்டைத் தின்றுவிட்டு அடியிலிருந்த உண்மையான மூன்றைக் கொண்டுவந்துவிட்டது. காசு எண்பத்து மூன்றுதான். கட்டியிருந்தவன் எண்பத்தெட்டில் பிறந்தவன். செங்கல்பட்டில் கிடப்பது தேசப்பன் இல்லை, தீனா.

"எழுதிட்டேன், கையெழுத்துப் போடு," என்றார் ஏட்டு. மேற்படி காசில் 1983 என்று தெரிகிறது. படித்தேன். எழுதியிருந்தது பொய்யில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்டால் பயம்தான், வேறு பெயர் வேண்டாம். எதிரே போலீஸ். சர்க்கார் காசை உளி வைத்துத் திருத்தி விற்றேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு நிமிஷம் யோசிக்கலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் ஏட்டு காசைக் கவரில் போட்டுவிட்டார். பவானியை அதே ஆட்டோவில் செங்கல்பட்டுக்கு ஏற்றினார். சுவேதாவை நெம்மேலி பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் உட்காரவைத்தார். போகிறபோது சுவேதா என்னைத் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுக்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

ஒரு மணி நேரம் கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஓட்டைக் காலணாவைக் கையிலெடுத்துப் பார்த்தார்கள், விலைகூடச் சொல்ல வாய் வரவில்லை. எப்படியும் மூன்று மாசத்தில் தெரிந்துவிடும், நாமாகச் சொல்வானேன் என்று ஒரு மனசு. மூன்று மாசம் ஒருத்தி புருஷன் உயிரோடு இருக்கலாம் என்கிறபோதே முண்டச்சியாக உட்கார்ந்திருப்பாள், இன்னொருத்தி செத்தவனிடமிருந்து போன் வரும் என்று காத்திருப்பாள், அதற்கு நீதானே பொறுப்பு என்று ஒரு மனசு. கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். திருக்கழுக்குன்றத்தில் மலைக்கு வந்த ஜனங்களால் ரோடு அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆரன் அடித்துக்கொண்டே போனேன், எல்லாரும் திட்டினார்கள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி பவானி தனியாக உட்கார்ந்திருந்தாள். குப்பத்து ஆண்கள் கையெழுத்துக்கும் வண்டிக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இன்னா அண்ணா, காசு எதுனா வேணுமா? அவசரத்துல குடுக்க மறந்துட்டோம்."

"காசு வேணாம்மா. உன் கொழுந்தனுக்கு எப்பவாவது அரணாக்கயிறு அறுந்துச்சா?"

அவள் யோசித்தாள். "மூணு வருசம் முன்ன திடீர்னு புதுக் கயிறு கட்டிக்கினு வந்தான். இன்னாடா தீனான்னு கேட்டேன். பழசு நைஞ்சிடுச்சு அண்ணின்னான். ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டையைக் கொட்டச் சோம்பல்பட்டது முதல், கையெழுத்துப் போட்டது வரை. எதையும் மறைக்கவில்லை. சொல்லும்போது அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெசமா?" என்றாள். "சாமி சத்தியமா?"

"என் உளி போட்ட கோடு எனக்குத் தெரியும்மா."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. பொய் சொல்லவில்லை, பிணவறை வாசலில் அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம் வந்தது. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அவரு இல்ல. அது அவரு இல்ல," என்று சொல்லிக்கொண்டே தொட்டிச் சுவரில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு அந்தச் சந்தோஷம் யார் தலையில் போய் விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நான் ஏட்டுகிட்ட சொல்லிடறேன்மா. என்ன கேஸ் போட்டாலும் போடட்டும்."

"இரு."

"மாத்தி எழுதிடலாம்."

"இருன்னு சொல்றேன்ல."

அவள் தரையில் உட்கார்ந்தாள். நானும் குந்தினேன்.

"தீனான்னு சொன்னா அவ தாங்கமாட்டா," என்றாள். "ரெண்டு தபா கலைஞ்சிருக்கு அவளுக்கு. ஒண்ணு அஞ்சு மாசத்துல. இது ஒண்ணுதான் இம்மா நாளு தங்கிகீது. படகு கவுந்து கெடந்துச்சுன்னு சொன்ன அன்னிக்கே அவளுக்கு வலி வந்து, புதுப்பட்டினத்துல ஊசி போட்டுப் படுக்க வெச்சாங்க. டாக்டரம்மா என்னத் தனியாக் கூப்ட்டு, இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா புள்ளையும் தங்காது, அவளும் தங்கமாட்டான்னு சொல்லிச்சு. லேபுலேந்து எப்ப வரும்னாரு ஏட்டு?"

"மூணு மாசம்."

"அதுக்குள்ள பெத்துடுவா."

எனக்குப் புரிய நேரமானது. புரிந்தபோது, "அப்போ நீ?" என்றேன்.

உள்ளே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"உசுரோட கீறவனுக்கு வளையல ஒடைச்சா கடலம்மா அவன எடுத்துக்குவான்னு எங்க ஜனம் சொல்லும்," என்றாள். "எங்கனா ஒரு போட்டுல தண்ணி குடிச்சுக்கினு படுத்துகினு இருப்பாரு. நான் இங்க ஒடைப்பேன்." தலையில் ஒரு தடவை அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள்.

"வேணாம்மா. உன்னால முடியாது. உண்மையச் சொல்லிடலாம்."

"நீ சொல்லி இறக்கி வெச்சிட்ட. இப்ப எங்கிட்ட கீது. நான் இன்னா பண்ணணும்னு நீ சொல்லாத," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஏட்டுகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. எம்புள்ள கார்த்திக்கு நேரம் வரும்போது நானே சொல்லிக்கிறேன். ஆனா நீ எடுப்புக்கு வரணும். வந்து கண்ணால பாக்கணும்."

போனேன். போகாமல் இருக்க எனக்கு முகம் இல்லை.

சாயங்காலம் நாலரை மணிக்குக் குப்பத்துக்குள் வண்டி வந்தது. பிணத்தை முழுக்கச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், முகம் திறக்கவில்லை. வாசலில் கிடத்தி மாலை போட்டார்கள். தேசப்பா, தேசப்பா என்று குப்பமே அழுதது. அண்ணன்காரன் அள்ளிக் கொடுத்ததையும் அதட்டிப் பேசினதையும் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். அங்கே கிடந்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. முப்பத்தேழு வருஷம் அந்த மணலில் நடந்தவன், அவன் பெயரைச் சொல்லி அழ ஒருத்தர் இல்லை. அதற்கும் காரணம் நான்தான் என்று நினைத்தபோது முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது. பக்கத்திலிருந்தவர் என்னைச் சொந்தக்காரன் என்று நினைத்துத் தோளில் கை போட்டார்.

பவானிக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்து உட்காரவைத்திருந்தார்கள். அந்தக் குப்பத்தில் எடுப்பதற்கு முன்னால் வளையல் உடைப்பது வழக்கம். கிழவிகள் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்தபோது அவள் கடல் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கையைக் கொடுத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சத்தம் மட்டும் கேட்டது. பொட்டை அவளே அழித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அதிர்ச்சி, உறைஞ்சுபோயிட்டா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

உண்டாயிருக்கிறவள் பிணத்தைப் பார்க்கக்கூடாது, எடுத்துக்கொண்டு போவதையும் பார்க்கக்கூடாது. அதனால் சுவேதாவை அவள் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். தீனாவின் வீடு அதே தெருவில் எட்டு வீடு தள்ளி, நீல வாசலோடு இருந்தது. துணைக்குப் பூங்கொடி என்று ஒரு பெண் உள்ளே இருந்தாள். புருஷன் என்று தெரிந்திருந்தால் அந்தக் கதவைத் திறந்து கூட்டிவந்திருப்பார்கள். கட்டினவளுக்கு எந்தத் தடையும் கிடையாது.

பாடையைத் தூக்கினார்கள். பவானியின் மகன் கார்த்தி கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பறைக்காரர்கள் வேகமாக அடித்தார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் வரலாம். பவானி பாடைக்குப் பக்கத்திலேயே ஒரு கையை மூங்கிலில் வைத்தபடி வந்தாள்.

நீல வாசலுக்கு நேரே வந்ததும் அவள் மூங்கிலைப் பிடித்து நிறுத்தினாள்.

"எறக்குங்க," என்றாள்.

தூக்கினவர்களுக்குப் புரியவில்லை. நடு வழியில் இறக்கக்கூடாதும்மா, முனையில்தான் இறக்கணும் என்று முனிசாமி என்கிற பெரியவர் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை.

"எறக்குங்கன்னு சொல்றேன். இங்கதான். இந்த வாசல்ல."

புருஷனைப் பறிகொடுத்தவளிடம் யார் வாதாடுவார்கள்? இறக்கினார்கள். பறை நின்றது. சாத்தின கதவுக்கு முன்னால், கோலம் போடாத அந்த வாசலில், கால் வீட்டைப் பார்த்தபடி தீனா கிடந்தான். அவன் தன் வீட்டு வாசலில்தான் கிடக்கிறான் என்று பவானிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவள் குனிந்து, தலைப்பக்கத்தைத் தூக்கித் திருப்பச் சொன்னாள். திருப்பினார்கள். தலை இப்போது கதவின் பக்கம் இருந்தது, சொந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு இருக்கிற மாதிரி. பாடையின் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

பறை நின்றது உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா," என்றாள் சுவேதா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "இன்னா ஆச்சுக்கா? ஏன் இங்க நின்னுட்டாங்க?"

பவானி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மே. உங்கிட்ட சொல்லிக்கினு போலாம்னுதான்."

பிறகு சுவேதா கதவில் நெற்றியை வைத்து அழுகிற சத்தம் கேட்டது.

"அவரு வந்ததும் நான் சொல்றேன் மாமா," என்றாள் அவள். "உங்க தம்பி வந்ததும் சொல்றேன். நீங்க போங்க."

தூக்கினவர்கள் பவானியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து தூக்கச் சொன்னாள்.